யாரைக் கேட்டுத் தொகை போட்டீர்கள்?

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கதாநாயகியைக் கண்ணீர் விடச் செய்ய வேண்டுமென்றால் பத்தாவது அத்தியாயத்தில் அவள் கணவனைச் சாகடித்து விடலாம். பதினோராவது அத்தியாயத்தில் அவள் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பிப்பாள். வாசகர்கள் உருகிப் போவார்கள். "அந்த நல்ல மனுஷனை ஏன் ஐயா கொன்றீர்கள்?" என்று கேட்டுக் கடிதங்கள் வரும். ஆனால், "செத்துப் போனவன் எவ்வளவு ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ் செய்திருந்தான்?" என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. நாம் விதியை நம்புகிறோம். தையல் மெஷினையும் நம்புகிறோம். கணக்கை மட்டும் நம்புவதில்லை.

கதையில் அது போகட்டும். கதாநாயகிக்கு முப்பதாவது அத்தியாயத்துக்குள் எப்படியாவது ஒரு விடிவு பிறந்துவிடும். பிறக்காவிட்டால் பத்திரிகை ஆசிரியரே பிறப்பித்து விடுவார். வாழ்க்கையில் அப்படிப்பட்ட ஆசிரியர் யாரும் இல்லை. அங்கே தையல் மெஷின் வாங்குவதற்கே பணம் வேண்டும்.

நம் வீடுகளில் பாலிஸி எடுக்கும் வைபவம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். அநேகமாக அது பிப்ரவரிக் கடைசியில் அல்லது மார்ச்சில் நடக்கும். பரீட்சை நெருங்கினால் பையன்களுக்குப் பிள்ளையார்மேல் பக்தி வருவதுபோல், வருமான வரி நெருங்கினால் குடும்பத் தலைவருக்கு மனைவி மக்கள்மேல் பாசம் வருகிறது. கூடத்தில் ஏஜெண்டு உட்கார்ந்திருப்பார். அவர் அந்நியராக இருக்க மாட்டார். தூரத்து உறவு, அல்லது பழைய ஆபீஸ் சிநேகிதர். "வருஷத்துக்கு எவ்வளவு கட்ட முடியும், சார்?" என்று கேட்பார். "ஒரு இருபத்தையாயிரம்" என்று இவர் சொல்வார். அந்த இருபத்தையாயிரத்துக்கு எவ்வளவு தொகை வருமோ அதுதான் இவருடைய உயிரின் விலை என்று காகிதத்தில் ஏறிவிடும். உள்ளேயிருந்து மனைவி காப்பி கொண்டுவந்து வைப்பாள். நியமனதாரர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதுவார்கள். அவள் சம்பந்தப்பட்டது அவ்வளவுதான்.

இந்த வைபவத்தில் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. "நீங்கள் இல்லாவிட்டால், இந்த வீடு நடக்க எவ்வளவு வேண்டும்?" அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

வரிச் சலுகை என்ற சாக்கும் இப்போது தேய்ந்து போயிற்று. 2023-24 முதல் நாமாக மாற்றிக்கொள்ளாத வரையில் தானாகவே பொருந்திவிடும் புதிய வருமான வரி முறையில், பாலிஸிப் பிரீமியத்துக்குக் கழிவு கிடையாது. எந்த மீனுக்காகத் தூண்டில் போட்டோமோ அந்த மீன் குளத்திலேயே இல்லை. ஆனாலும் மார்ச் மாதப் பாசம் குறையவில்லை.

கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். ஒரு குடும்பம். கணவருக்கு வயது 38, மனைவிக்கு 34. பெண்ணுக்குப் பத்து, பையனுக்கு ஆறு. கைக்கு வரும் சம்பளம் 65,000 ரூபாய். வீட்டுக் கடன் இன்னும் 20 லட்சம் பாக்கி. கடன் தவணை போக வீட்டுச் செலவு மாதம் 40,000. இவருக்கு இரண்டு எண்டோமென்ட் பாலிஸிகள். இரண்டும் சேர்ந்து ஐந்து லட்சம். வருஷப் பிரீமியம் 25,000. "ஐந்து லட்சத்துக்குச் செய்திருக்கிறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார். ஐந்து லட்சம் என்ற சொல்லுக்கு நம் தாத்தா காலத்துக் கம்பீரம் இன்னும் போகவில்லை.

வீட்டுச் செலவு 40,000-ல் அவருடைய பஸ், சட்டை, காப்பி, கைபேசி எல்லாவற்றுக்குமாக 8,000 கழித்து விடுவோம். மிச்சம் 32,000. ஐந்து லட்சத்தை 32,000-ஆல் வகுத்தால் பதினாறு மாதம்கூட வரவில்லை. போனஸ் சேர்ந்தால் இன்னும் சில மாதங்கள். அதுவும் வீட்டுக் கடன்காரர் வாசலில் வந்து நிற்காமல் இருந்தால்! பணத்தைத் தொடாமல் பாங்கில் போட்டு 6 சதவீத வட்டி வாங்கலாம் என்றால் மாதம் 2,500 ரூபாய். அதைக்கொண்டு மூன்று பேர் சாப்பிட வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு வேண்டும்? பையன் படித்துச் சம்பாதிக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 32,000 வீதம் ஆண்டுக்கு 3,84,000. பதினெட்டு ஆண்டுக்கு 69,12,000. அப்போது தாய்க்கு 52 வயது. 82 வயது வரையில் அவள் ஒருத்திக்கு மாதம் 16,000 என்றால், முப்பது ஆண்டுக்கு 57,60,000. பிள்ளை கையை எதிர்பாராமல் இருக்க வேண்டும் என்றால் இதைக் குறைக்கக் கூடாது. வீட்டுக் கடன் 20 லட்சம். இரண்டு குழந்தைகளின் மேல்படிப்புக்கு 20 லட்சம். கூட்டினால் 1,66,72,000. பிராவிடண்டு ஃபண்டும் டெபாசிட்டும் சேர்ந்து 12 லட்சம் இருக்கிறதென்றால் அதையும், கையிலுள்ள ஐந்து லட்சம் பாலிஸியையும் கழியுங்கள். 1,49,72,000. அதாவது, ஒன்றரைக் கோடி.

விலைவாசி ஏறுமே, அதைச் சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். வட்டியையும்தான் சேர்க்கவில்லை. பணத்தைப் பத்திரமான இடத்தில் போட்டால் வரும் வட்டியை விலைவாசி தின்றுவிடும் என்று இரண்டையும் தள்ளிவிட்டேன். மனைவி சம்பாதிக்கிறாள் என்றால் அவள் வருமானத்தையும் அதே கணக்கில் கழிக்கலாம். மாதம் 15,000 என்றால் பதினெட்டு ஆண்டுக்கு 32,40,000 குறையும். ஆனால் அந்த வீட்டில் அவள் பேரிலும் ஒரு பாலிஸி வேண்டும். அவள் சம்பளமும் இல்லாமல் போகக்கூடிய சம்பளம்தானே?

"ஒன்றரைக் கோடியா!" என்று திடுக்கிடுகிறவர்கள் இன்னொரு பெருக்கலும் போட்டுப் பார்க்கட்டும். மாதம் 65,000 சம்பளம், அறுபது வயது வரை இன்னும் 22 ஆண்டு. ஒரு ரூபாய் சம்பள உயர்வுகூட இல்லாமலே 1,71,60,000 ஆகிறது. இந்த மனிதர் உயிரோடிருந்தால் வீட்டுக்குக் கொண்டு வரப்போகும் தொகை அது. அதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறோம். ஒன்றரைக் கோடி ஆகாசக் கோட்டை அல்ல. அவர் தினமும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டிருக்கும் அதே வீடுதான்.

பிரீமியத்துக்கு எங்கே போவது என்று அடுத்த கேள்வி வரும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. 'டெர்ம் பாலிஸி' என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் பணம் வரும். இறக்காவிட்டால் ஒன்றும் வராது. உடல்நலமுள்ள, புகை பிடிக்காத 38 வயதுக்காரருக்கு அறுபது வயது வரையில் ஒன்றரைக் கோடிக்கு ஆண்டுப் பிரீமியம் ஏறக்குறைய அவர் இப்போது கட்டிவரும் இருபத்தையாயிரத்தைச் சுற்றியே நிற்கும். ஒரு கம்பெனியில் சற்றுக் குறையும், ஒன்றில் சற்று ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிஸிக்கும் மருத்துவப் பாலிஸிக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் நீக்கப்பட்டுவிட்டது. அதே பணத்துக்கு ஒரு பக்கம் ஐந்து லட்சம், ஒரு பக்கம் நூற்றைம்பது லட்சம். நாம் ஐந்தைத் தேர்ந்தெடுத்துக் கொள்கிறோம்.

ஏன்? "டெர்ம் பாலிஸியில் பணம் திரும்பி வராதே!" என்கிறோம். வாசலில் காவல்காரரை வைத்துக்கொண்டு, "வருஷம் பூராவும் திருடன் வரவில்லை, சம்பளத்தைத் திருப்பிக் கொடு" என்று கேட்போமா? ஸ்கூட்டருக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். விபத்து நேரவில்லையே, பணம் போயிற்றே என்று அழுகிறோமா? ஸ்கூட்டருக்குப் புரிகிற நியாயம் மனிதனுக்கு வந்தால் புரியமாட்டேன் என்கிறது.

சரி, திரும்பி வரும் பணம்தான் என்ன? ஆண்டுக்கு 25,000 வீதம் இருபது ஆண்டு கட்டினால் ஐந்து லட்சம். முடிவில் போனஸுடன் ஒன்பது லட்சத்துச் சொச்சம் வந்தால், கூட்டுவட்டிக் கணக்கில் அது சுமார் ஐந்தரை சதவீதம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இருபது ஆண்டு கழித்து வரும் அந்த ஒன்பது லட்சம் இன்றைய மூன்று லட்சத்துக்குக்கூட ஈடாகாது. போஸ்டாபீஸிலேயே 2025-ல் பி.பி.எஃப். கணக்குக்கு 7.1 சதவீத வட்டி இருந்தது. சேமிப்பதானால் சேமியுங்கள்; காப்பதானால் காப்பாற்றுங்கள். ஒரே பாத்திரத்தில் பாலையும் புளியையும் ஊற்றிவிட்டு, இரண்டும் திரிந்து போயிற்று என்று வருத்தப்படாதீர்கள்.

இதற்கெல்லாம் ஏஜெண்டைத் திட்டுவது சுலபம், நியாயம் அல்ல. அவருக்குக் கூலி பிரீமியத்தில்தான். முதல் ஆண்டுப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷன் கொடுக்கலாம் என்று 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டமே நெடுங்காலம் இடம் கொடுத்திருந்தது. அவர் தம் வீட்டுக் கணக்கைப் பார்க்கிறார். நாம்தான் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு எத்தனை இலை விழும், எந்தப் பந்திக்கு எவ்வளவு பாயசம் என்று துல்லியமாகக் கணக்கிடத் தெரிந்த ஜனங்கள் நாம். அந்தச் சாமர்த்தியம் ஒரு மாலை நேரம் இதற்குக் கிடைக்கக் கூடாதா?

"சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம்" என்பார்கள். பேசினால்தான் வருமென்றால் பேசாமலே எல்லோரும் சிரஞ்சீவியாக இருந்திருக்கலாம். "கடவுள் இருக்கிறார்" என்பார்கள். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன்கூடக் கீதையிலிருந்து எடுத்த வாசகத்தைத்தான் தன் சின்னத்தில் பொறித்துக் கொண்டிருக்கிறது. அடியாரின் யோகக்ஷேமத்தைப் பகவான் தாமே சுமப்பதாகச் சொல்லும் வாசகம் அது. பகவான் கணக்குப் பார்க்காமல் சுமப்பார். கார்ப்பொரேஷன் பாலிஸியில் எழுதிய தொகையைத்தான் சுமக்கும்.

அந்தக் கார்ப்பொரேஷன் தோன்றியதே நம்மைப் போன்றவர்களின் பணம் காணாமல் போகாமல் இருக்கத்தான். 1956-ல் 245 தனியார் கம்பெனிகளையும் சங்கங்களையும் ஒன்றாகச் சேர்த்து, செப்டம்பர் 1-ந் தேதி அதை அமைத்தார்கள். 1959-ல் அன்றைய மவுண்ட் ரோட்டில், இன்றைய அண்ணா சாலையில், அதன் பல மாடிக் கட்டடம் எழுந்தது. பட்டணம் பார்க்க வந்தவர்களெல்லாம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டடம் எத்தனை மாடி என்று நமக்குத் தெரியும். நம் பாலிஸி எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியாது.

"நம் தாத்தாக்கள் இன்ஷூரன்ஸா செய்தார்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. செய்தார்கள், ஐயா. அதற்குப் பெயர் கூட்டுக் குடும்பம். அண்ணன் இறந்தால் தம்பி வீட்டில் அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் சோறு உண்டு. அதற்கும் பிரீமியம் இருந்தது. அதை இறந்துபோனவன் கட்டவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கடைசிப் பந்தியில் மிச்சம் இருந்ததைத் தின்று, யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காமல், சமையற்கட்டிலேயே ஆயுள் முழுவதும் அவள் கட்டினாள். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. இல்லாமற் போனதற்காக நான் அழமாட்டேன். ஆனால் அதன் இடத்தில் எதையாவது வைக்க வேண்டாமா?

ஆஸ்பத்திரி விஷயமும் இதே கதைதான். "ஆபீஸிலேயே மூன்று லட்சத்துக்கு மெடிகிளெய்ம் இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தக் காப்பு உத்தியோகத்தோடு வருகிறது, உத்தியோகத்தோடு போய்விடும். வேலை போகிற வயதும் வியாதி வருகிற வயதும் அநேகமாக ஒன்றே. அப்போது புதிதாக மனுப் போட்டால், ஏற்கனவே இருக்கும் நோய்களுக்குக் கம்பெனி மூன்று ஆண்டு வரையில் காத்திருக்கச் சொல்லலாம். சர்க்கரை காத்திருக்குமா? ரத்தக் கொதிப்பு காத்திருக்குமா? சம்பளம் வரும்போதே சொந்தத்தில் ஒரு பாலிஸி எடுத்து, அந்தக் காத்திருப்பைக் கழித்துவிட வேண்டும்.

எவ்வளவுக்கு? நோய் வந்தால் உண்மையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்களோ, அங்கே போய்க் கேளுங்கள். இருதய ஆப்பரேஷனுக்கு எவ்வளவு, முழங்கால் மாற்றுவதற்கு எவ்வளவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து நாள் இருந்தால் எவ்வளவு? இவற்றில் பெரிய தொகையை எடுத்து இரட்டித்துக் கொள்ளுங்கள். செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினாலே பன்னிரண்டு ஆண்டில் இரட்டித்துவிடும். ஆஸ்பத்திரிச் செலவு அதற்குள் அடங்கி நிற்காது. பிரீமியம் அதிகமாகத் தெரிந்தால் ஐந்து லட்சத்துக்கு ஒரு பாலிஸியும், அதைத் தாண்டிய செலவுக்கு 'சூப்பர் டாப்-அப்' என்ற இரண்டாவது பாலிஸியும் எடுக்கலாம். முதல் ஐந்து லட்சத்தை நாம் பார்த்துக்கொள்வதால் இரண்டாவது மலிவாகக் கிடைக்கும்.

அறை வாடகை வரம்பையும் பாருங்கள். மூன்று லட்சம் பாலிஸியில் நாளைக்கு 3,000 ரூபாய் என்று வரம்பு இருந்து, நீங்கள் 6,000 ரூபாய் அறையில் படுத்தால், கம்பெனி வாடகையில் மட்டும் பாதியைக் குறைக்காது. அறைக்குத் தகுந்தபடி ஏறும் டாக்டர் கட்டணம், ஆப்பரேஷன் தியேட்டர் கட்டணம் முதலியவற்றையும் அதே விகிதத்தில் வெட்டும். பெற்றோரை உங்கள் குடும்பப் பாலிஸியில் சேர்க்காதீர்கள். எல்லோருக்குமான பிரீமியம் அங்கே மூத்தவரின் வயதை வைத்துத்தான் நிர்ணயமாகும். அவர்களுக்குத் தனியாக எடுங்கள். எழுபது வயது ஆனவர்களுக்கு, வருமானம் பாராமல், 2024 அக்டோபரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை வழி செய்திருக்கிறார்கள்; அதையும் விட்டுவிடாதீர்கள்.

மருத்துவப் பாலிஸியிலும் ஒரு அநியாயம் நடக்கிறது. கணவருக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் வரும். மனைவிக்கு வயிறு வலித்தால் கஷாயம் வரும். கர்ப்பப்பைக் கட்டியோடு, "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வருஷக்கணக்கில் நடமாடும் பெண்கள் எத்தனையோ பேர். பணம் இல்லை என்பதற்காகத்தான் அந்த 'அடுத்த மாதம்'. பாலிஸி இருந்தால் சாக்கு ஒன்று குறையும்.

அளவுக்கு மீறி இன்ஷூரன்ஸ் செய்வதும் தவறுதான். பால் மணம் மாறாத குழந்தையின் உயிருக்குப் பாலிஸி எடுக்கிறார்கள். குழந்தை சம்பாதித்தா வீடு நடக்கிறது? தன்னை நம்பி யாரும் இல்லாத பிரம்மச்சாரிக்கும், கடன் தீர்ந்து பிள்ளைகள் தலையெடுத்துவிட்ட பென்ஷன்காரருக்கும் ஆயுள் பாலிஸி அவசியமில்லை. மருத்துவப் பாலிஸிதான் அவசியம். கட்ட முடியாத பிரீமியத்தை ஏற்று, நடுவழியில் விட்டு, கட்டியதில் பாதியைத் தோற்பதைவிட, மலிவான டெர்ம் பாலிஸியைக் கடைசி வரை கட்டுவது மேல்.

மனுவில் பொய் எழுதாதீர்கள். சர்க்கரையை மறைத்து, சிகரெட்டை மறைத்து, நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறோம். பாலிஸி எடுத்து மூன்று ஆண்டுகளுக்குள் அந்தப் பொய் வெளிப்பட்டால் கம்பெனி பணத்தை மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நீங்கள் சொன்ன பொய்க்கு, நீங்கள் இல்லாதபோது, ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு ஆபீஸ் ஆபீஸாக நின்று பதில் சொல்லப் போகிறவள் உங்கள் மனைவி.

அவளுக்காக ஒரு சட்டமும் இருக்கிறது. 1874-ஆம் வருஷத்து விவாகமான ஸ்திரீகளின் சொத்துச் சட்டத்தின்கீழ் பாலிஸியை எடுத்தால், அந்தத் தொகை மனைவிக்கும் குழந்தைகளுக்கும் உரிய டிரஸ்டாகிவிடும். கணவரின் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. பாலிஸி எடுக்கும்போதே அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளாக இருக்கும் சட்டம். எத்தனை வீட்டில் கேட்டு வாங்குகிறார்கள்?

ஆகவே, குடும்பத் தலைவர்களே, இன்று இரவு சாப்பாடு ஆனதும் டெலிவிஷனை நிறுத்திவிட்டு, பாலிஸிகளையெல்லாம் பீரோவிலிருந்து எடுத்து மேஜைமேல் வையுங்கள். மனைவியை எதிரே உட்காரச் சொல்லுங்கள். காப்பி வேண்டுமானால் இன்று நீங்கள் போட்டுக் கொண்டு வாருங்கள். "நான் இல்லாவிட்டால் மாதம் எவ்வளவு வேண்டும்?" என்று கேளுங்கள். "இது என்ன பேச்சு, வாயைக் கழுவுங்கள்" என்று முதலில் கோபித்துக்கொள்வாள். இரண்டாந்தரமும் கேளுங்கள். அரிசி என்ன விலை, காஸ் எத்தனை நாள் வரும், பள்ளிக்கூடச் சம்பளம் எந்த மாதம் கட்ட வேண்டும், எந்தக் கடையில் கடன் பாக்கி என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் அவர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மாங்கல்யத்தின்மேல் பக்தி இல்லாதவள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அந்தத் தொகையைக்கொண்டு வாழ வேண்டியவர் ஏஜெண்டு அல்ல, கம்பெனி அல்ல, உங்கள் கணவர்கூட அல்ல. வாழ வேண்டியவர் நீங்கள். தொகையை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.